மனம் திறந்து பேச ஓர் இடம்: மனநல ஆலோசனையும் நம் குடும்பங்களும்

காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். ஆனால் மாதக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை, தொழுகையில் நின்றாலும் அழுகைதான் வருகிறது என்று ஒருவர் சொன்னால், "ஈமான் குறைந்துவிட்டது", "ஜின் தொல்லை" என்று ஒரு பெயரைச் சூட்டி வீட்டுக்குள்ளேயே மூடி வைக்கிறோம். இந்த மூடிமறைப்பின் விலை பெரியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் உயிரிழந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் பலரால் தப்பி ஓடவும் முடியவில்லை.

கவலை ஈமானின் குறை அல்ல. மகன் யூசுஃபைப் பிரிந்த துயரத்தில் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் பார்வை மங்கிப் போனதைக் குர்ஆன் நமக்குச் சொல்கிறது. அவர்களின் ஈமானை யார் குறை சொல்ல முடியும்?

புதுச்சேரி கடற்கரை தந்த பாடம்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு புதுச்சேரி, காரைக்கால், தமிழகக் கடலோரங்களில் வாழ்ந்த மக்களுக்கு வீடும் வலையும் மட்டும் போதவில்லை. வைத்திக்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகளில் அலையைக் கண்டு அஞ்சாதவர்களே கடலைப் பார்க்கவும் பயந்த காலம் அது. பேரிடரில் சிக்கியவர்களுக்கு உதவ பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை வகுத்திருந்த பயிற்சியில் முதலிடம் மாத்திரைக்கு அல்ல. பாதிக்கப்பட்டவர் தம் துயரைக் கொட்டித் தீர்க்க விடுவது, அவர் நிலையில் நின்று உணர்வது, குறுக்கிடாமல் காது கொடுத்துக் கேட்பது, உறவுகளோடு மீண்டும் இணைப்பது ஆகியவையே அதன் அடிப்படை. இறைநம்பிக்கையும் வழிபாடும் தரும் ஆறுதலும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது.

அன்பை மையமாகக் கொண்ட முறை

பெரியவர்களுக்கான ஆலோசனையில் இந்த அணுகுமுறைக்கு வடிவம் கொடுத்தவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902-1987). ஆலோசகரிடம் இருக்க வேண்டியவையாக மூன்று பண்புகளை அவர் 1957இல் வலியுறுத்தினார்: வந்தவரை எடை போடாமல் ஏற்றுக்கொள்வது, அவர் உள்ளத்தைப் புரிந்துகொள்வது, போலித்தனம் இல்லாமல் நடந்துகொள்வது. இங்கே ஆலோசகர் தீர்ப்பு சொல்லும் நீதிபதி அல்லர். "இப்படிச் செய்யுங்கள்" என்று முதல் நாளே உத்தரவு போடவும் மாட்டார். நம்பிக்கை வளர்ந்த பிறகு, தம் சிக்கலின் வேரை வந்தவரே கண்டுகொள்ள உதவுவார்.

இது நமக்குப் புதியதா? விபச்சாரத்துக்கு அனுமதி கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் ஓர் இளைஞர் வந்தார். மற்றவர்கள் அவரை அதட்டினார்கள். நபியவர்களோ அவரைத் தம் அருகில் அமர வைத்து, "உன் தாய்க்கு, மகளுக்கு, சகோதரிக்கு இதை விரும்புவாயா?" என்ற பொருளில் கேட்டு அவரையே சிந்திக்க வைத்தார்கள். பிறகு அவர் மீது கை வைத்து துஆ செய்தார்கள். முஸ்னத் அஹ்மதில் அபூ உமாமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இது. பாவத்தை நபியவர்கள் அனுமதிக்கவில்லை. ஆனால் மனிதரை விரட்டவும் இல்லை.

முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு 934) உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் புரியாத துக்கத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே!

யாரிடம் செல்வது?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பும் படித்தவர். மருந்து எழுதித் தருவார். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார்; அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு உண்டா என்று கேட்கத் தயங்க வேண்டாம். சிலருக்கு இருவருமே தேவைப்படலாம்.

புதுச்சேரிவாசிகளுக்குக் கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய இச்சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவருக்கு இருந்தால் காத்திருக்காமல் உடனே அழையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.

"வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாதே" என்ற பயம் பல பெற்றோருக்கு உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டுமே இதற்கு விலக்கு.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

கணவர் வளைகுடாவில், பிள்ளைகளோடு தனியே போராடும் மனைவி. வேலை இழந்து ஊர் திரும்பிய சகோதரர். துணையை இழந்த வாப்பா. இவர்களுக்கு முதலில் தேவை அறிவுரை அல்ல. பத்து நிமிடம் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று சொல்லாதீர்கள். துஆவும் திக்ரும் ஓதிப்பார்த்தலும் தொடரட்டும். அவற்றைக் காட்டி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நோயைத் தந்த இறைவன் நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபிமொழி நமக்குக் கற்றுத்தரும் பாடம். அதைத் தேடுவதும் தவக்குல்தான்.

நம் ஜமாஅத் நிர்வாகிகளும் இமாம்களும் ஜும்ஆ மேடையில் இதைப் பேசினால் பல வீடுகளின் மூடிய கதவுகள் திறக்கும். உள்ளங்களுக்கு அமைதியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.