குளிரில் முட்டி பிடிக்குதா? மாத்திரை போடும் முன் 10 நிமிஷம் ஒதுக்குங்க!

ஊட்டி:

டிசம்பர், ஜனவரி வந்து விட்டால் ஊட்டியில் உறைபனி கொட்ட ஆரம்பித்து விடும். வெள்ளை வெளேர் என்று மாறும் புல்வெளியைப் பார்க்க வரும் சுற்றுலா பயணிகளுக்கு கொண்டாட்டம். விடிந்ததும் தேயிலை தோட்டத்துக்கும், கேரட் காட்டுக்கும் ஓடும் தொழிலாளர்களுக்கோ திண்டாட்டம். எழுந்தால் முட்டி மடங்காது, கழுத்து திரும்பாது.

"ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்" என்று தினமும் வலி மாத்திரை விழுங்குபவர்கள் உண்டு. டாக்டரை கேட்காமல் நாள் கணக்கில் இப்படி போட்டால் வயிற்றில் புண் வரலாம், கிட்னியும் கெடலாம். பிசியோதெரபி எனப்படும் இயன்முறை சிகிச்சையில் இதற்கு செலவில்லாத வழிகள் இருக்கின்றன.

ஏன் பிடிக்கிறது?

குளிர் பட்டதும் உடல் சூட்டை காப்பாற்ற, தோலை ஒட்டிய ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தசைகள் இறுகுகின்றன. போதாக்குறைக்கு போர்வைக்குள் சுருண்டு கிடப்பதால் அசைவும் குறைகிறது. அந்த நிலையில் எழுந்த வேகத்தில் இலை மூட்டையை தூக்கினால் இடுப்பு பிடித்துக் கொள்ளும். 2 நாள் கூலி போச்சு!

வேலைக்கு போகும் முன்

* காலை நீட்டி உட்காருங்கள். முட்டிக்கு அடியில் துண்டை சுருட்டி வைத்து, முட்டியால் கீழே அழுத்துங்கள். 5 எண்ணும் வரை அழுத்தி விட்டு விடுங்கள். காலுக்கு 10 முறை.

* நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 எண்ணி இறக்குங்கள். இதுவும் 10 முறை.

* தோள்களை முன்னும் பின்னும் சுழற்றுங்கள். கழுத்தை மெதுவாக இடது, வலது பக்கம் திருப்புங்கள். வெடுக்கென்று சொடுக்கக் கூடாது.

* கடைசியாக நின்ற இடத்திலேயே 2 நிமிஷம் நடந்து விட்டு கிளம்புங்கள்.

வலி கூடினால் அந்த பயிற்சியை நிறுத்தி விட வேண்டும். மூட்டு சிவந்து, சூடாக வீங்கியிருந்தால் பயிற்சியே வேண்டாம். டாக்டரிடம் போங்கள்.

ஒத்தடத்தில் உஷார்

வெந்நீர் ஒத்தடத்தை துணி சுற்றித்தான் வைக்க வேண்டும். 15 முதல் 20 நிமிஷம் போதும். தைலம் தேய்த்த இடத்தில் ஒத்தடம் வைத்தால் தோல் வெந்து விடும். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்கு சூடு தெரியாது. புண் ஆன பிறகுதான் தெரியும். அவர்கள் காலுக்கு ஒத்தடம் வைக்காமல் இருப்பதே நல்லது.

சளி, மூச்சு இரைப்பு

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு குளிரில் இரைப்பு கூடும். மூக்கால் 2 எண்ணும் வரை மூச்சை இழுத்து, உதட்டை குவித்து, 4 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். சளியை வெளியேற்ற தொடர்ந்து இருமி களைத்துப் போக வேண்டாம். கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல, வாயை திறந்து "ஹா" என்று 2, 3 தடவை ஊதினால் சளி மேலே வரும். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்தி விடக் கூடாது.

குளிருக்கு இதமாக இருக்கும் என்று மூடிய அறையில் கரி அடுப்பு வைத்து படுப்பது ரொம்ப ஆபத்து. அதில் வரும் கார்பன் மோனாக்சைடு வாயு தூக்கத்திலேயே உயிரை பறித்து விடும்.

வாய் கோணினால்

"குளிர் காத்து அடிச்சிடுச்சு" என்று வீட்டில் வைத்தியம் பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது. அது பக்கவாதமாகவும் இருக்கலாம். உடனே 108-க்கு போன் செய்யுங்கள். முக நரம்பு பாதிப்பு என்றால், 3 நாளுக்குள் மாத்திரை தொடங்குவது நல்ல பலன் தரும். முக தசை பயிற்சி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கே போவது?

அரசு தலைமை ஆஸ்பத்திரிகளில் இயன்முறை சிகிச்சை பிரிவு இருக்கிறது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இந்த சிகிச்சை அளிக்கும் சேவையும் சேர்க்கப்பட்டது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

குளிருக்கு பயந்து முடங்கினால் மூட்டும் சேர்ந்து முடங்கி விடும். காலையில் ஒதுக்கும் அந்த 10 நிமிஷம் அன்றைய கூலியை காப்பாற்றும்.