ஏடும் வட்டும்

தோற்றுவாய்

ஓர் இனத்தின் நினைவு நிலைபெறுவது அதனைத் தாங்கும் பொருளின் வலிமையைப் பொறுத்ததாகும். கல்லில் வெட்டியது கல் உள்ளளவும் நிற்கும். ஓலையில் கீறியது ஓலை உள்ளளவே நிற்கும். ஓலையோ ஈரத்திற்கும் கறையானுக்கும் இரையாவது. ஆதலின் ஏடு பழுதுறுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதும் வழக்கத்தைத் தமிழர் மேற்கொண்டனர். சங்க நூல்கள் இன்று நம் கைகளில் தவழ்வதற்கு அவற்றைப் பாடிய புலவர் மட்டுமே காரணர் அல்லர். தலைமுறை தலைமுறையாக ஏடு பெயர்த்தெழுதிய, பெயர் தெரியாத மாந்தர் பலரும் காரணராவர்.

இப்பணியில் இருவகைக் கேடுகள் நேர்ந்தன. எழுதுவோர் சொற்களை விடுத்தும் மாற்றியும் எழுதியது ஒன்று. பழைய ஏட்டினை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டது மற்றொன்று. முதற்கேட்டிற்கு மருந்து கிடைத்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊரூராகச் சென்று சுவடிகளைத் திரட்டி, பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கி, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். ஆற்றோடு போன ஏட்டிற்கோ மருந்து ஏதும் இல்லை.

இவ்விரு கேடுகளும் ஓலைக்காலத்தோடு ஒழியவில்லை. ஒளிநாடாவில் இருந்த காட்சிகளைக் கணினிக்குள் ஏற்றி, சுருக்கி, வட்டில் பதித்த காலத்தில் அவை வேறு வடிவில் மீண்டும் தோன்றின. மலேசியத் தமிழரின் தோட்ட வாழ்க்கையைக் காட்டும் அசையும் படங்களில் எவை எஞ்சும், எவை அழியும் என்பதை அப்பணியே பெரிதும் முடிவுசெய்தது.

தோட்டமும் தொழிற்சாலையும்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில், கோலலங்காட் மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் தெலுக் பங்லிமா காராங். ‘தெலுக்’ என்பது விரிகுடாவையும், ‘பங்லிமா’ என்பது படைத்தலைவனையும், ‘காராங்’ என்பது சீற்றத்தையும் குறிக்கும் மலாய்ச் சொற்களாம். அருகே கேரித்தீவின் செம்பனைத் தோட்டங்கள் பரந்துள்ளன. அவ்வட்டாரத் தோட்டங்களில் தமிழர் தலைமுறைகளாக உழைத்தனர்.

நாட்டில் தடையற்ற வாணிக வட்டாரச் சட்டம் 1971இல் இயற்றப்பெற்ற பின்னர், தெலுக் பங்லிமா காராங்கிலும் அத்தகைய தொழிற்பேட்டை ஒன்று எழுந்தது. அங்கே ஜப்பானியத் தொஷிபா நிறுவனத்தின் மின்னணுத் தொழிற்சாலை பல்லாண்டுகள் இயங்கிற்று. அதே நிறுவனந்தான் பின்னாளில் டிவிடி வட்டினை உருவாக்குவதில் முன்னின்றது. பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த ஒரு வட்டாரம் மின்னணு உலகின் ஒரு கண்ணியாக மாறிய காலம் அது.

அக்காலத்தில்தான் ஒளிநாடாவும் மக்களிடையே பரவியது. ஜப்பானிய ஜேவிசி நிறுவனம் 1976இல் விஎச்எஸ் என்னும் ஒளிநாடா முறையை வெளியிட்டது. மலேசியாவில் வண்ணத் தொலைக்காட்சி 1978இல் தொடங்கியது. 1980களில் ஒளிநாடாக் கருவி நகர இல்லங்களிலும் தோட்ட இல்லங்களிலும் புகுந்தது. திருமணம், காதணி விழா, மாரியம்மன் கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி ஆகியவற்றைப் படம்பிடிப்போர் தோன்றினர். அதுவரை தோட்டத் தொழிலாளரின் உருவம் பெரும்பாலும் பிறர் எடுத்த படங்களிலேயே இருந்தது. இப்போதுதான் அவர்கள் தம் விழாவைத் தாமே பதிந்து வைத்தனர்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல பின்னர்த் துண்டாடப்பெற்று, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயன்கள் இடிந்தன; மக்கள் இடம்பெயர்ந்தனர். இடிந்த லயனின் வாசலும், அகற்றப்பட்ட கோயிலின் முகப்பும் மீண்டும் காணக்கிடைப்பது அந்த ஒளிநாடாக்களில்தான். எனவே அவை குடும்ப நினைவுப் பொருள்களாக இருப்பதோடு வரலாற்றுச் சான்றுகளாகவும் விளங்குகின்றன.

நாடாவின் வாழ்நாள்

ஒளிநாடா என்பது மெல்லிய நெகிழிப் பட்டையின்மேல் காந்தத் துகள்களைப் பசைகொண்டு ஒட்டியதாகும். காற்றிலுள்ள ஈரத்தை அப்பசை உறிஞ்சி நாளடைவில் சிதைகின்றது. மலேசியா போன்ற ஈர வெப்ப நாடுகளில் நாடாமீது பூஞ்சணமும் பூக்கும். நாடா நலமாக இருப்பினும் அதனை ஓட்டும் கருவி வேண்டும். விஎச்எஸ் கருவியை இறுதிவரை உருவாக்கி வந்த ஜப்பானிய ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அவ்வுற்பத்தியை நிறுத்தியது. காந்த நாடாப் பதிவுகளை மீட்பதற்கு 2025ஆம் ஆண்டே எல்லை என ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம் 2015இலேயே எச்சரித்தது.

இத்தகைய இழப்பு தமிழருக்குப் புதியதன்று. 1931 அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ படத்தின் படி ஒன்றேனும் இன்று கிடைக்கவில்லை. பெரும் புகழ்பெற்ற ஒரு படத்தின் கதியே இதுவாயின், தோட்டத்துத் திருவிழாவைப் பதிந்த ஒற்றை நாடாவின் கதியைக் கூறவும் வேண்டுமோ?

வட்டு வந்த வகை

ஒலிக் குறுவட்டு 1982இல் விற்பனைக்கு வந்தது. அதே அளவு வட்டில் படத்தையும் பதிக்கும் விசிடி முறை 1993இல் வகுக்கப்பெற்றது. ஒரு விசிடி வட்டில் 74 நிமிடக் காட்சி அடங்கும். ஆகவேதான் தமிழ்த் திரைப்படங்கள் இரண்டு அல்லது மூன்று வட்டுகளாக வெளிவந்தன. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் அவை அடுக்கப்பட்டிருந்த காலம் பலர் நினைவில் இருக்கும். திருட்டு வட்டுகள் பெருகியமையால், வட்டு உற்பத்தியை உரிமத்தின்கீழ்க் கொணரும் சட்டத்தை மலேசிய அரசு 2000ஆம் ஆண்டில் இயற்றியது.

தொஷிபா அணியும், சோனி பிலிப்ஸ் அணியும் தனித்தனியே வகுத்த புதிய வட்டு முறைகள் 1995இல் உடன்பாட்டினால் ஒன்றாயின. அவ்வாறு பிறந்த டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் ஓரடுக்கு வட்டு 4.7 ஜிகாபைட் கொள்வது. வீட்டுக் கணினியிலேயே வட்டில் பதிக்கும் கருவிகள் பின்னர் மலிவாகக் கிடைத்தன. பழைய நாடாக்களை வட்டாக்கித் தரும் தொழில் இவ்வாறு வளர்ந்தது.

பெருங்கோப்பின் சிக்கல்

நாடாவிலுள்ள காட்சியைக் கணினிக்குள் ஏற்றுவது முதற்படி. மலேசியாவில் வழங்கிய பால் தொலைக்காட்சி முறையில், கணினி ஏற்கும் ஒரு படத்தின் அளவு அகலத்தில் 720 புள்ளிகள், உயரத்தில் 576 புள்ளிகள். நொடிக்கு 25 படங்கள். புள்ளி ஒன்றுக்கு இரண்டு பைட் எனக் கொண்டால் நொடிக்கு ஏறத்தாழ 20.7 மெகாபைட் ஆகிறது. சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறத்தாழ 75 ஜிகாபைட் வேண்டும். 1995இல் தோன்றிய டிஜிட்டல் வீடியோ என்னும் பதிவுமுறை இதனை ஓரளவு சுருக்கி, மணிக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட்டில் அடக்கியது.

2000ஆம் ஆண்டையொட்டி வீட்டுக் கணினிகளின் வன்தட்டு பெரும்பாலும் 20 அல்லது 40 ஜிகாபைட் கொள்ளளவே உடையது. இரண்டு மணி நேரத் திருமணக் காட்சியை ஏற்றினாலே 26 ஜிகாபைட் நிரம்பிவிடும். அன்றியும், அக்காலத்து விண்டோஸ் கணினிகளில் பெருவழக்காயிருந்த கோப்பமைப்பு, 4 ஜிகாபைட்டிற்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. அதாவது இருபது நிமிடக் காட்சிக்குமேல் ஒரு கோப்பில் அடங்காது. எனவே காட்சியைத் துண்டுகளாக்கி ஏற்றினர். வட்டில் பதித்தவுடன், அடுத்த நாடாவிற்கு இடம்வேண்டி, பெருங்கோப்புகளை அழித்தனர். அவர்கள் பொறுப்பற்றோர் அல்லர்; இடமின்மை அவர்களை அவ்வாறு செய்வித்தது.

சுருக்கும் கலை

பெருங்கோப்பை வட்டில் அடக்கும் கலையின் அடிப்படைக் கணிதத்தை வகுத்தவர், பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நசீர் அகமது ஆவார். 1972இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறநிறுவனத்திடம் இவ்வாய்விற்கு அவர் கேட்ட நிதி கிடைக்கவில்லை. ஆயினும் அவர் தளராது ஆய்ந்து, தி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் இணைந்து 1974இல் தம் கட்டுரையை வெளியிட்டார். கணினியில் காணும் ஜேபெக் நிழற்படமும், டிஜிட்டல் வீடியோவும், விசிடி, டிவிடி வட்டுகளும் அக்கணிதத்தின்மேல் எழுந்தவையே.

அதன் கருத்து எளிது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குப் பெரிதும் தோன்றுவதை வைத்துக்கொண்டு, நுண்ணியதைக் குறைத்துவிடுவதே அது. டிவிடிக்கு வழங்கும் எம்பெக்-2 முறை இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. ஒரு படத்தை முழுமையாக வைத்து, அடுத்து வரும் படங்களில் மாறியவற்றை மட்டும் குறித்துக்கொள்கிறது. அசையாத சுவரை மீண்டும் மீண்டும் எழுத வேண்டுவதில்லை; அதன்முன் நடப்பவரின் அசைவை எழுதினால் போதும்.

இரண்டு மணி நேரக் காட்சி ஒரு டிவிடியில் அடங்க வேண்டுமாயின், ஒலியும் படமும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் என்னும் அளவைத் தாண்டலாகாது. சுருக்காத காட்சியோடு ஒப்பிட இது முப்பதில் ஒரு பங்கிற்கும் குறைவாகும். எதிலே எது விடப்படுகிறது என்பதே இங்குக் கேள்வி. அசைவு மிகுந்த இடத்தில் இவ்வளவு போதாமற் போகும். தீமிதியில் பறக்கும் பொறி, காவடியின் மயிற்பீலி, மணமக்கள்மேல் விழும் பூமழை ஆகியவை கட்டங்கட்டமாக உடைந்து தோன்றும். பழைய நாடாவின் இரைச்சலையும் கணினி அசைவென்றே கொள்வதால், வீணான புள்ளிகளைக் காப்பதில் இடம் கழிந்து, கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கும் முகங்கள் மங்கிவிடும். வரலாற்று மாணவன் தேடுவதோ அம்முகங்களைத்தான். மணமகளைப் படம்பிடிக்கப் பலர் இருந்தனர்; பின்வரிசையில் நின்ற முதிய பால்வெட்டுத் தொழிலாளிக்கு அந்நாடாவன்றி வேறு படமே இல்லாதிருக்கலாம்.

பிழைகளுக்கும் குறைவில்லை. நாடாவில் ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என இரண்டு பாதிகளால் ஆனது. அவற்றின் முறை மாறிப் பதிந்தால் அசைவெல்லாம் நடுங்கும். இவை ஏடெழுதுவோரின் கைப்பிழை போன்றவை. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. சிந்தாமணிக்குப் பல சுவடிகள் கிடைத்தன. ஒன்றன் பிழையை மற்றொன்றால் திருத்த முடிந்தது. வீட்டு ஒளிநாடாவிற்கு ஒப்புநோக்க வேறு படி இல்லை.

வட்டும் நிலையன்று

வட்டு வந்ததும் நாடாவைத் தூக்கியெறிந்தோர் பலர். அஃது ஆடிப்பெருக்கில் ஏட்டை விட்டதற்கு ஒப்பாகும். ஏனெனில் வட்டும் அழிவதே. தொழிற்சாலையில் அச்சிடப்படும் வட்டில் குழிகள் உள்ளன. வீட்டில் பதிக்கும் வட்டிலோ சாயப்படலம் ஒன்றே உள்ளது. வெயிலும் வெப்பமும் அச்சாயத்தை மாற்றிவிடும். இன்று புதிய கணினிகள் பலவற்றில் வட்டினை இடுவதற்கு வாயிலும் இல்லை.

இதற்கு உலகறிந்த சான்று பிரிட்டனில் உண்டு. வில்லியம் மன்னரின் ஆணைப்படி 1086இல் தொகுக்கப்பெற்ற டூம்ஸ்டே நிலக்கணக்கேட்டின் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பிபிசி நிறுவனம் நாட்டு மக்களின் வாழ்வைப் படங்களாகவும் குறிப்புகளாகவும் திரட்டி லேசர் வட்டுகளில் பதித்தது. பள்ளி மாணவர் பல்லாயிரவர் அதில் பங்குகொண்டனர். பதினைந்து ஆண்டுகளுக்குள் அவ்வட்டுகளைப் படிக்கும் கருவிகள் அருகி, அறிஞர் பெருமுயன்று அவற்றை மீட்க நேர்ந்தது. தோலில் எழுதிய பழைய ஏட்டையோ இன்றும் வெறுங்கண்ணால் படிக்கலாம்.

முடிவுரை

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. வட்டு என்பது காட்டுவதற்கு உரியது. காப்பதற்கு உரியது பெருங்கோப்பு. வட்டிற்கெனச் சுருக்கியதிலிருந்து விடுபட்டதை எக்கணிதமும் மீட்டுத்தராது. பெருங்கோப்பு இருப்பின், காலந்தோறும் வரும் புதிய வடிவங்களுக்கு அதிலிருந்து படியெடுத்துக் கொள்ளலாம்.

முன்னோரைத் தடுத்த இடமின்மை இன்று இல்லை. ஒரு டெராபைட் வன்தட்டில், டிஜிட்டல் வீடியோ முறையில் பதிந்த 75 மணி நேரக் காட்சி அடங்கும். ஒரு பள்ளியின் நாடாக்கள் அனைத்திற்கும் அது போதும். ஏற்றிய கோப்பை இரண்டு தட்டுகளில் வைத்து, இரண்டு இடங்களில் காத்தல் நன்று. நாடாவையும் எறியாது உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். எவ்விடம், எந்நாள், படத்தில் இருப்போர் யாவர் என்பவற்றை, அறிந்த முதியோர் உள்ளபோதே கேட்டெழுதி வைத்தலும் இன்றியமையாதது. பெயரறியாத முகம் பாதி வரலாறே ஆகும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் மாணவரும் தம் வட்டாரத்து இல்லங்களில் இப்பணியைத் தொடங்குதல் தகும். அலமாரியின் அடியில் கிடக்கும் ஒளிநாடா ஒன்று, இன்று இல்லாத ஒரு தோட்டத்தின் கடைசிச் சுவடியாக இருக்கக்கூடும்.