அந்தரங்க உபவாசம்

அந்தரங்க உபவாசம் என்பது கிறித்தவர் ஒருவர் ஜெபத்துக்காகத் தாமே நாள் குறித்து, ஊரறியாமல் உணவைத் தவிர்ப்பது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் போலச் சபை முழுவதும் சேர்ந்து அனுசரிக்கும் நோன்பிலிருந்து இது வேறானது.

இதற்கு அடிப்படை மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம். மலைப்பிரசங்கத்தில் தருமம், ஜெபம், உபவாசம் மூன்றுக்கும் இயேசு ஒரே நிபந்தனை வைக்கிறார்: பிறர் காணவேண்டும் என்று செய்யக் கூடாது. உபவாசிப்பவர் தலைக்கு எண்ணெய் பூசி, முகம் கழுவி, எப்போதும்போல் இருக்க வேண்டும். அக்கால யூதரிடையே எண்ணெய் பூசுவது அன்றாடப் பழக்கம். அதை விடுவது துக்கத்தின், நோன்பின் அடையாளம். அந்த அடையாளத்தையே அவர் மறைக்கச் சொல்கிறார். விலக்கப்பட்டது விளம்பரம்தான், வீட்டில் சமைப்பவரிடமும் சொல்லாதிருந்து சோற்றை வீணாக்க வேண்டியதில்லை.

ஆதிச்சபையின் 'திதக்கே' என்னும் நூல் புதன், வெள்ளி இரு நாளும் உபவாசிக்கச் சொல்கிறது. 2ஆம் நூற்றாண்டில் உரோமையில் எழுந்த எர்மா என்பவரின் 'மேய்ப்பர்' என்னும் நூல் இன்னும் ஆழமாகப் போகிறது. அப்பமும் தண்ணீரும் மட்டும் உண்டு, அன்றைய உணவுக்கு ஆகியிருக்கும் செலவைக் கணக்கிட்டு, அந்தத் தொகையை விதவைக்கோ அநாதைக்கோ ஏழைக்கோ கொடுக்கும்படி அது கூறுகிறது. பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிராத உபவாசத்தை ஏசாயா 58ஆம் அதிகாரம் கடிந்ததன் தொடர்ச்சி இது. உபவாசத்தைப் பற்றிக் கிறித்தவ மரபு சொன்னவற்றுள் இதற்கு இணையான நடைமுறை அறிவுரை அரிது.

எகிப்தியத் துறவியர் விருந்தினர் வந்தால் நோன்பை முறித்து உடன் உண்டதை 5ஆம் நூற்றாண்டில் யோவான் காசியன் என்னும் துறவி பதிவு செய்தார். அன்பு கட்டளை, உபவாசம் அவரவர் விருப்பம் என்பது அவர்கள் விளக்கம். 18ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டில் மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லியும் நண்பர்களும் புதன், வெள்ளிகளில் பிற்பகல் 3 மணி வரை உபவாசித்தனர். உடலைக் கெடுக்கும் அளவுக்குப் போகக் கூடாது என்று பின்னாளில் வெஸ்லி எச்சரித்தார்.

தமிழ்ச் சபைகளில் உபவாச ஜெபம் பெரும்பாலும் கூட்டமாக நடக்கிறது. கத்தோலிக்கர் நோன்பை ஒருசந்தி (நாளுக்கு ஒரே முழு உணவு), சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பு) என வகுத்துக்கொள்கின்றனர். தனியே தொடங்குவோர் ஒரு வேளை உணவை விட்டு, அந்த நேரத்தைச் சங்கீதங்களுக்கும் ஜெபத்துக்கும் கொடுத்தால் போதும். எல்லாரும் உபவாசிக்க வேண்டும் என்பதில்லை: கத்தோலிக்கச் சட்டப்படியான நோன்புக் கடமையே 18 வயது நிறைந்தபின் தொடங்கி, 60ஆம் வயது தொடங்கும்போது முடிந்துவிடுகிறது. சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உபவாசிக்க வேண்டாம்.