மந்திரத்தின் வகுப்புகள்

1974இல் அமெரிக்கரான கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு, மந்திரவாதியையும் தெய்வபலத்தால் வினைபுரியும் குருவையும் வெவ்வேறு வகுப்பினராகப் பிரித்தமை, களனி கங்கைக்குத் தெற்கே ஒருகொடவத்தையில் வாழும் நமக்குப் புதுமையாகத் தோன்றாது. ஏனெனில், கதிர்காமம் போன்ற தலங்களில் தேவர்களுக்குப் பணிபுரியும் கபுராளையும், யக்கர்களை மந்திரத்தால் அடக்கும் கட்டாடியாவும் சிங்கள சமூகத்தில் நெடுங்காலமாகவே தனித்தனி அதிகாரமுடையோர். தமிழ் மாந்திரீக நூல்களோ ஆளை விடுத்துக் கர்மத்தையே பகுத்தன. வசியம், மோகனம், தம்பனம், ஆகர்ஷணம், உச்சாடனம், வித்வேஷணம், பேதனம், மாரணம் என்னும் எட்டுக்கும் திசையும் ஆசனமும் மலரும் தனித்தனியே விதித்த அந்த நுட்பத்தை எண்ணுந்தோறும் என் உள்ளம் வியக்கிறது. அவ்விளையாட்டின் பழைய பதிப்புகளில் ஒருமுறை ஓதிய மந்திரம் நினைவை விட்டு அகன்றது. நம் மரபிலோ உருவேற்ற உருவேற்றவே அது சித்தியாகும்.