பண்ணைப்புரத்துல ஒரு கறுப்புத் திரை: டாட்நெட் விண்டோஸை விட்டு வெளிய வந்த கதை

பண்ணைப்புரம்னு சொன்னாலே "இளையராஜா ஊரா?"ன்னுதான் கேப்பாங்க. அதே ஊர்தான். போன லீவுக்குப் போனப்ப, சித்தப்பா மகன் பழைய லேப்டாப் ஒண்ணை என் முன்னாடி வெச்சான். உபுண்டு போட்டது. "அண்ணே, நீ எழுதுன விலை ப்ரோக்ராம் இதுல ஓடுமா? ஓடலன்னா அப்பா கடன வாங்கியாவது புதுசு எடுத்துத் தர்றேங்கிறாரு."

சித்தப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். வித்த தேதி, எடை, கிலோ விலை எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருப்பாரு. அதை வெச்சு விலையைக் கணிக்க, எம்எல் டாட்நெட் லைப்ரரியில ஒரு கன்சோல் அப்ளிகேஷன் எழுதியிருந்தேன். பட்டன் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில எழுத்து மட்டும்தான். ஆனா எழுதினது விண்டோஸ்ல.

பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடின்னா "கஷ்டம்டா"ன்னுதான் சொல்லியிருப்பேன். 2002-ல் வந்த டாட்நெட்டை மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குத்தான் கொடுத்தது. லினக்ஸ்காரர்களுக்கு மிகேல் டி இகாசா தொடங்கிய மோனோ 2004-ல் வந்தது. ஆனால் அது வெளியே இருந்தவர்கள் கட்டிய பாதை. 2014 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் மைக்ரோசாஃப்டே கதவைத் திறந்தது: டாட்நெட்டின் மையப் பகுதி ஓப்பன் சோர்ஸ் ஆகும், லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். அப்போது அந்தப் பிரிவுக்குத் தலைவர் யார் தெரியுமா? நம்ம கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த சோமசேகர்.

2016-ல் டாட்நெட் கோர் வந்தது. மைக்ரோசாஃப்ட் உள்ளுக்குள்ளேயே பல வருஷம் பயன்படுத்திய மெஷின் லேர்னிங் கருவி, எம்எல் டாட்நெட் என்ற பெயரில் 2018 மே மாதம் முன்னோட்டமாகவும், 2019 மே மாதம் 1.0 ஆகவும் வெளியானது.

சரி, லேப்டாப்புக்கு வருவோம். முதல்ல ஓடல. தப்பு என்னோடது. அதுல இருந்தது 32 பிட் உபுண்டு; இந்த மாதிரி லேப்டாப்புல, லினக்ஸ்ல டாட்நெட்டுக்கு 64 பிட் வேணும். நல்லவேளை, ப்ராசசர் 64 பிட்தான். உபுண்டுவை மாத்திப் போட்டு, டாட்நெட் எஸ்டிகே இறக்கினோம். 'டாட்நெட் நியூ கன்சோல்', அடுத்து 'டாட்நெட் ஆட் பேக்கேஜ் மைக்ரோசாஃப்ட் டாட் எம்எல்'. ரெண்டே கட்டளை. டவுன்லோடுக்கு மட்டும் போன் ஹாட்ஸ்பாட். என் கம்ப்யூட்டர்ல பழக்கின மாடல் ஒரு ஜிப் ஃபைல். அதைப் பென்டிரைவ்ல கொண்டுபோய், என் கோடையும் வெச்சு 'டாட்நெட் ரன்' அடிச்சோம். திரையில விலை வந்துச்சு.

சித்தப்பா எட்டிப் பார்த்துட்டு, "இந்த விலைக்கு எவன் வாங்குவான்?"னு சிரிச்சாரு. நியாயம்தான். ஒரு நோட்டுல இருக்குற கணக்கு மாடலுக்குப் பத்தாது. தம்பி இப்ப ஒவ்வொரு விற்பனையையும் அதுல ஏத்துறான். மாடல் தேற நாளாகும். ஆனா கடன் வாங்கல.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.