போர்ஷே 911ம் பத்து லிட்டர் எண்ணெயும்

முதல்ல ஒரு மூடி கதை.

1972 மாடல் போர்ஷே 911 காரை வலது பக்கமா நின்னு பாருங்க. கதவுக்குப் பின்னாடி, பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, பெட்ரோல் டேங்க் மூடி மாதிரியே ஒரு மூடி இருக்கும். அது பெட்ரோல் மூடி இல்லை, என்ஜின் ஆயில் ஊத்துறதுக்கான மூடி. பெட்ரோல் மூடி முன்னாடி இடது மட்கார்டு மேல இருக்கு. பங்க் பையன் இதையெல்லாம் எங்க கண்டான்? வண்டி வந்து நின்னதும் கண்ணில் பட்ட மூடியைத் திறந்து பெட்ரோலை ஊத்திட்டானாம். இப்படி ஒரு இடத்தில் இல்லை, பல இடத்தில் நடந்ததாகச் சொல்வார்கள். 73 மாடலில் அந்த மூடியைக் காணோம். ஒரே வருஷம்தான் ஆயுசு. ஏன் எடுத்தாங்கன்னு எந்தப் போர்ஷே பைத்தியத்தைக் கேட்டாலும் இந்தப் பெட்ரோல் கதையைத்தான் சொல்வார்.

எனக்கு இதில் வேற ஒரு கேள்வி. வெளியில தனியா கதவு வைக்கிற அளவுக்கு ஒரு காருக்கு எதுக்குங்க அவ்வளவு ஆயில்?

(இந்தக் காரை நான் ஓட்டினதில்லை. என் சம்பளத்துக்கு ஓட்டவும் போறதில்லை. பழைய வண்டிகளைப் பத்திப் படிக்கிற வியாதி மட்டும் இருக்கு. படிச்சதை யார்கிட்டயாவது கொட்டணுமே, மாட்டினது நீங்க :-))

911ஐ 'ஏர் கூல்டு' கார் என்பார்கள். ரேடியேட்டர் கிடையாது, தண்ணி கிடையாது. ஆனா பாதி வெப்பத்தைச் சுமந்தது எண்ணெய்தான்னு சொன்னா அது பெரிய பொய் ஆகாது. 1964ல் இருந்து 1998 வரை இந்தக் காரில் குதிரைத்திறன் ஏற ஏற, அந்த எண்ணெயை எங்கே கொண்டுபோய் ஆத்துறதுங்கிறதுதான் என்ஜினீயர்களுக்குத் தலைவலி. டீக்கடை மாஸ்டர் ஆத்துறாரே, அதே ஆத்துறதுதான். என்ன, இங்கே கிளாஸ் ஒரு கோடியில், டபரா இன்னொரு கோடியில்.

வேர் எங்கேன்னு பார்த்தா ஃபோக்ஸ்வேகன் பீட்டில். ஃபெர்டினாண்ட் போர்ஷே 1930களில் வடிவமைத்த மக்கள் கார். பின்பக்கம் என்ஜின், காத்தடிக்க ஒரு விசிறி, மொத்தமே இரண்டரை லிட்டர் ஆயில். அந்த விசிறியின் தகரக் கூட்டுக்குள்ளேயே சின்னதா ஒரு ஆயில் கூலரை நிக்க வெச்சிருந்தாங்க. சாமர்த்தியமான யோசனை, ஒரே ஒரு ஓட்டையைத் தவிர. கூலரைத் தாண்டி வர்ற காத்து ஏற்கனவே சூடாகித்தான் கீழே இருக்கிற மூணாவது சிலிண்டருக்குப் போகும். மத்த சிலிண்டர்களுக்கு குளுகுளு காத்து, மூணாம் நம்பருக்கு மட்டும் எச்சில் காத்து. எரிஞ்சு போறதும் அதுதான் முதலில். பீட்டில் மெக்கானிக்குகளிடம் கேட்டா இன்னிக்கும் 'மூணாம் நம்பர்' பேரைச் சொல்லிப் பெருமூச்சு விடுவாங்க. 1971 மாடலில்தான் கூலரைக் கொஞ்சம் தள்ளி வெளியே வெச்சு, அதுக்குன்னு தனிக் காத்துப்பாதை போட்டாங்க. துருத்திக்கிட்டு நின்ன அந்தத் தகரப் பெட்டிக்கு 'நாய்க்கூண்டு'ன்னு பட்டப்பேர்.

1948ல் வந்த போர்ஷே 356ம் இதே பீட்டில் என்ஜின் பரம்பரைதான். அதுக்கு அடுத்து வந்ததுதான் நம்ம ஆள். 1963ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901ங்கிற பேரில் காட்டினாங்க. நடுவில் சைபர் வர்ற மூணு இலக்கப் பேர் எங்களுக்குச் சொந்தம்னு பிரெஞ்சுக்கார பெஜோ கம்பெனி கொடி பிடிச்சதால 911 ஆச்சு. ஆறு சிலிண்டர், 2 லிட்டர், 130 எச்பி. இதில் என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்குற தொட்டி கிடையாது. ஒரு பம்பு கீழே வடியுற எண்ணெயை உறிஞ்சித் தனி டேங்கில் கொண்டுபோய் விடும். இன்னொரு பம்பு டேங்கில் இருந்து எடுத்து அழுத்தத்தோட பேரிங்குகளுக்கு அனுப்பும். வளைவில் எவ்வளவு வேகமாத் திருப்பினாலும் எண்ணெய் ஒரு பக்கமா ஒதுங்கி பேரிங் வறண்டு போகாது. பந்தயக் கார் ஏற்பாடு இது. வலது பின் மட்கார்டுக்குள் டேங்க், ஒன்பது பத்து லிட்டர் எண்ணெய், என்ஜின் மேலேயே விசிறிக் காத்தில் ஒரு கூலர்.

இந்த டேங்கினால இன்னொரு கூத்தும் உண்டு. 911ல் ஆயில் அளவு பார்க்கணும்னா என்ஜின் நல்லா சூடாகி, ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் பார்க்கணும். புதுசா வாங்கினவர் வழக்கம்போல காலையில் ஆறிப்போன வண்டியில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து, "அய்யய்யோ ஆயிலே இல்லை"ன்னு ரெண்டு லிட்டர் ஊத்துவார். வண்டி சூடானதும் அதிகப்படி எண்ணெய் ஏர் ஃபில்டர் வழியா வாந்தியா வரும். அப்புறம் புகை மண்டலம்தான்.

சரி, கூலருக்கு வருவோம். 1967 மாடலில் 911எஸ் வந்தபோது 160 எச்பி. 1969ல் அதே 2 லிட்டரில் 170. இப்போ என்ஜின் மேல இருக்கிற கூலர் பத்தலை. பெரிசா மாத்தலாம்னா, விசிறி தர்ற காத்து சிலிண்டர்களுக்கும் வேணும். கூலர் அதிகம் குடிச்சா மூணாம் நம்பர் கதை திரும்ப வரும். காரின் பின்பக்கம் வேற புதுக் காத்தும் கிடையாது. ஆக, புதுக் காத்து எங்கே இருக்கோ அங்கே எண்ணெயை அனுப்பணும். முன் வலது மட்கார்டுக்குள், சக்கரத்துக்கு முன்னாடி ரெண்டாவது கூலரை மாட்டினாங்க. பின்னாடி இருக்கிற என்ஜினில் இருந்து வலது பக்க வாசல்படிக்கு அடியில் போக ஒரு குழாய், வர ஒரு குழாய். காரின் நீளத்துக்கே எண்ணெய் நடை போயிட்டு வருது!

இங்கே எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. அவ்வளவு நீளக் குழாயில் அழுத்தம் குறைஞ்சா பேரிங் கதி என்ன? அதுக்குத்தான் இந்தக் கூலரை பேரிங்குக்குப் போற வழியில் வைக்கலை. என்ஜினில் இருந்து டேங்குக்குத் திரும்புற வழியில் வெச்சாங்க. வேலை முடிச்சுட்டு வீட்டுக்குப் போற வழியில் எண்ணெய் ஒரு சுத்து காத்து வாங்கிட்டுப் போகும், அவ்வளவுதான். நடுவில் ஒரு தெர்மோஸ்டாட். எண்ணெய் சுமார் 85 டிகிரி வர்ற வரைக்கும் முன்னாடி போக விடாது, நேரா டேங்குக்குத் தள்ளிடும். எண்ணெய் ரொம்பக் குளிர்ந்தாலும் தப்பு. கெட்டியா நிக்கும், உள்ளே சேர்ற ஈரம் ஆவியாகாது. 'எவ்வளவு கூலோ அவ்வளவு நல்லது'ன்னு நினைச்சு தெர்மோஸ்டாட் இல்லாம கூலர் மாட்டுற ஆட்கள் இன்னிக்கும் இருக்காங்க. குளிர் நாட்டில் அது என்ஜினுக்குச் செய்யுற துரோகம்.

1972 மூடிக்கும் இப்போ அர்த்தம் கிடைக்கும். பின்பக்கம் கனமான கார் வளைவில் வால் ஆட்டும். 69ல் பின் சக்கரத்தை 57 மில்லிமீட்டர் பின்னால் தள்ளிப் பார்த்தாங்க. 72ல் பத்து லிட்டர் எண்ணெய் டேங்கைப் பின் சக்கரத்துக்கு முன்னால் கொண்டு வந்தாங்க. எடைக்கணக்கில் சரியான முடிவு. கணக்கில் பங்க் பையனைச் சேர்க்கலை, அதான் தப்பு.

அடுத்து வர்றதுதான் வயித்தெரிச்சல்.

1974ல் எல்லா 911லும் 2.7 லிட்டர் என்ஜின். இதன் கிராங்க் கேஸ் மெக்னீசியம். 68ல் எடை குறைக்கணும்னு அலுமினியத்தில் இருந்து மாறினது. 2 லிட்டருக்கு அது தாராளம். 2.7க்காக சிலிண்டர் துளையை 90 மில்லிமீட்டராக்கினபோது சுத்தி இருக்கிற உலோகம் குறைஞ்சு போச்சு. சிலிண்டரையும் ஹெட்டையும் கிராங்க் கேஸோட இழுத்துப் பிடிக்கிறது நீளமான இரும்பு ஸ்டட்டுகள். சூடானா அலுமினிய சிலிண்டர் நீளும், இரும்பு அந்த அளவுக்கு நீளாது. இழுபறியில் தோக்கிறது யாரு? சூட்டில் இளகிப்போன மெக்னீசியத்தில் இருக்கிற மரைதான். ஸ்டட் மரையைப் பிடுங்கிட்டு வந்துடும். ஹெட் தளர்ந்து காஸ் கசியும்.

இந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் புகைச் சட்டம் இறுகுது. கலிபோர்னியா வண்டிகளில் 75லேயே, 77க்குள் அமெரிக்கா முழுக்க, தெர்மல் ரியாக்டர்னு ஒண்ணை மாட்டினாங்க. எரியாம வர்ற பெட்ரோலைப் புகைபோக்கியிலேயே எரிக்கிற இரும்புச் சட்டி. அது இருக்கிற இடம் ஹெட்டுக்கு நேர் கீழே! அடுப்பு மேல வெச்ச பாத்திரம் மாதிரி ஆச்சு என்ஜின். பத்தாததுக்கு 76, 77 வண்டிகளில் பதினோரு இறக்கை விசிறியை எடுத்துட்டு ஐந்து இறக்கை விசிறி. பல வண்டிகளில் முன் கூலரும் கிடையாது, அது விருப்பப்பட்டா காசு கொடுத்து வாங்கிக்கிற சமாச்சாரம். டெக்ஸாஸ் வெயிலில் இது எத்தனை நாள் தாங்கும்? லட்சம் கிலோமீட்டர் தொடறதுக்கு முன்னாடியே என்ஜினைப் பிரிச்சவங்க நிறைய.

ஐரோப்பாவில் அதே கிராங்க் கேஸ், அதே 2.7, இன்னும் அதிகமா 210 எச்பியோட கரெரா ஓடிக்கிட்டு இருந்தது. ரியாக்டர் இல்லை, பதினோரு இறக்கை விசிறி, முன் கூலர். முழுசாத் தப்பிச்சதுன்னு சொல்ல முடியாது. ஆனா அமெரிக்க வண்டிகள் மாதிரி கொத்துக்கொத்தாச் சாகலை. மெக்னீசியத்தை மட்டும் திட்டுறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். என்னைக் கேட்டா, முதல் குற்றவாளி சூடு. அதுக்கு மருந்து என்னன்னு 69லேயே கம்பெனிக்குத் தெரியும். தெரிஞ்சும் அதைக் கூடுதல் காசுப் பட்டியலில் வெச்சதைத்தான் என்னால மன்னிக்க முடியலை.

வேலையைக் கையில் எடுத்தது அமெரிக்கப் பட்டறைக்காரங்க. ரியாக்டரைத் தூக்கிப் போட்டாங்க. கிராங்க் கேஸில் மரையைப் பெரிசாக் குடைஞ்சு உறுதியான இரும்பு மரையைச் செருகினாங்க. பழைய விசிறி திரும்ப வந்தது. கடைசியா முன் மட்கார்டுக்குள் கூலர். 78ல் வந்த 911எஸ்சியில் கிராங்க் கேஸே அலுமினியத்துக்குத் திரும்பிடுச்சு. அந்தக் காலத்துக் கூலர் சும்மா வளைச்சு விட்ட குழாய்தான், ஊதுற வாத்தியம் மாதிரி இருந்ததால 'டிராம்போன்'னு பேர். 80களில் நிஜமான ரேடியேட்டர் மாதிரிக் கூலர் வந்தது. அப்புறம் டிராஃபிக்கில் நிக்கும்போது உதவ அதுக்கும் ஒரு மின்விசிறி. எஸ்சியின் தெர்மோஸ்டாட்டையும் குழாய்களையும் கழட்டிப் பழைய 2.7ல் மாட்டுறது ஒரு குடிசைத்தொழிலாவே நடந்தது.

மாட்டினவங்க எழுதினதைப் படிச்சா சிரிப்பும் வரும், பாவமாவும் இருக்கும். தெர்மோஸ்டாட்டில் சேர்ற பெரிய நட்டுகள் வருஷக்கணக்கா மழை, உப்பு, சேறு குடிச்சு ஒண்ணோட ஒண்ணா இறுகிக் கிடக்கும். ஸ்பானரைப் போட்டா குழாய்தான் முறுங்கும், நட்டு அசையாது. கடைசியில் வெட்டி எடுக்கணும். அப்புறம், பேரிங் போன வண்டியின் கூலரைச் சல்லிசாக் கிடைக்குதுன்னு வாங்கவே கூடாது. உள்ளே ஒளிஞ்சிருக்கிற உலோகத்தூள் எத்தனை தடவை கழுவினாலும் முழுசா வராது. புது என்ஜினுக்குள் பொறுமையா வந்து சேரும்.

எண்ணெயால முடியாத இடமும் வந்தது. ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு வெச்சா ஹெட்டில் காத்து போக இடமில்லை. 1978ல் 'மோபி டிக்'ங்கிற 935 பந்தயக் காரிலும், அப்புறம் 959லும் ஹெட்டுக்கு மட்டும் தண்ணி, சிலிண்டருக்குக் காத்துன்னு சமாளிச்சாங்க. சாலைக் கார் 911 மட்டும் 1998 வரைக்கும் பிடிவாதமா எண்ணெயையே நம்பி ஓடுச்சு. அடுத்து வந்த 996ல் முழுக்கத் தண்ணி. அதில் ஆயில் கூலர் எங்கேன்னு தேடினேன். என்ஜின் மேலேயே சின்னப் பெட்டியா உட்கார்ந்திருக்கு. வாசல்படிக்கு அடியில் முன்பக்கம் போயிட்டு வர்ற வேலை தண்ணிக்கு மாறிடுச்சு, எண்ணெய் அந்தத் தண்ணியில் சூட்டைக் கொடுத்துட்டு வீட்டிலேயே இருக்கு.

பி.கு: 2007ல் நம்ம பல்சர் 200ல் ஆயில் கூலர் வந்தப்போ "பைக்குக்கு எதுக்குய்யா ரேடியேட்டர்?"னு என் நண்பன்கிட்ட நக்கல் அடிச்சவன் நான்தான். வாபஸ் வாங்கிக்கிறேன் மாப்ளே. அந்த மூணாம் நம்பர் சிலிண்டர் கதையை அப்போ யாரும் எனக்குச் சொல்லலை :-)