எழுபத்திரண்டு மேளங்களும் ஒரு நகரமும்

1930களில் சென்னையில், ஒரே பத்தாண்டுக்குள், மூன்று இசை நூல்கள் அச்சேறின. 1934இல் மியூசிக் அகாடமி வேங்கடமகியின் ‘சதுர்தண்டி பிரகாசிகை’யைப் பதிப்பித்தது. 1938இல் அடையாறு நூலகம் கோவிந்தரின் ‘சங்கிரக சூடாமணி’யை வெளியிட்டது. இரண்டிலும் பதிப்பாசிரியராக உழைத்தவர் பண்டிதர் எஸ். சுப்பிரமணிய சாஸ்திரி. அதே ஆண்டுகளில் கோடீஸ்வர ஐயரின் ‘கந்த கானாமுதம்’ இரு பகுதிகளாக வெளிவந்தது. முன்னவை இரண்டும் வடமொழி இலக்கண நூல்கள். பின்னது முருகன்மீது தமிழில் இயற்றிய கீர்த்தனைகள். மூன்றையும் பிணைப்பது 72 என்ற எண்.

கர்நாடக இசையின் 72 மேளகர்த்தாக்கள், அதாவது தாய் ராகங்கள், அதன் தொன்மைக்குச் சான்றாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. அட்டவணை 17ஆம் நூற்றாண்டுக்குரியது. அதன் எல்லா அறைகளிலும் குடிபுகுந்து பாடிப்பார்க்கும் துணிவு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரும்பி, 20ஆம் நூற்றாண்டில்தான் காய்த்தது. அந்த வகையில் இது நவீனத்துவத்தின் பணி. தமிழில் அதைச் செய்து முடித்தவரை அவர் வாழ்ந்த நகரம் இன்னும் உரிய இடத்தில் வைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

வேங்கடமகி தஞ்சை நாயக்கர் அரசின் அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன். விஜயராகவ நாயக்கர் காலத்தில் நூலை எழுதினார். ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாதவை. ரிஷப காந்தாரச் சேர்க்கைகள் ஆறு, தைவத நிஷாதச் சேர்க்கைகள் ஆறு, மத்தியமம் இரண்டு, பெருக்கினால் 72. கணக்கு அவ்வளவுதான். ஆனால் அவர் காலத்தில் புழக்கத்திலிருந்த மேளங்கள் 19 மட்டுமே என்று அவரே சொல்கிறார். பிறகு எதற்கு மீதி? இதுவரை தோன்றிய ராகங்களுக்கும், இனித் தோன்றப்போகிறவற்றுக்கும், பல தேசங்களில் வழங்குகிறவற்றுக்கும் இடம் வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். மரபின் மூலநூல் என்று போற்றப்படும் ஒன்று தன் பார்வையை வருங்காலத்தின்மீது வைத்து எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஓர் உண்மையை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வந்த வரலாறு முழுவதும் தெளிவாகும்.

அட்டவணை நெடுங்காலம் ஓலையிலும் சில குடும்பங்களின் நினைவிலும் இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் பரம்பரை கனகாம்பரி என்று தொடங்கும் பெயர்வரிசையைப் பின்பற்றியது. ‘சங்கிரக சூடாமணி’ கனகாங்கி என்று தொடங்கும் வரிசையைத் தந்தது. வேறுபாடு பெயரோடு நிற்பதில்லை. முன்னதில் ஏழு ஸ்வரமும் ஏறியிறங்கி ஒழுங்காக வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வளைந்து செல்லலாம், ஒன்றை விட்டுவிட்டுப் போகலாம். பின்னதில் ஆரோகணத்திலும் அவரோகணத்திலும் ஏழும் நேராக நிற்கும். இன்று இசை வகுப்பில் குழந்தைகள் ஒப்பிப்பது இரண்டாவதைத்தான். பெயரின் முதலிரண்டு எழுத்தைக் கடபயாதி முறையில் எண்ணாக்கித் திருப்பிப்போட்டால் மேளத்தின் எண் கிடைக்கும்: தீரசங்கராபரணம் 29, மேசகல்யாணி 65.

அச்சு யுகத்தின் பெரிய திருப்பம் எட்டயபுரத்தில் நேர்ந்தது. சென்னையைச் சேர்ந்த ஏ.எம். சின்னசாமி முதலியார் கிறித்தவர். கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறிப்பில் எழுதிப் பாதுகாக்கவேண்டும் என்ற வேட்கை கொண்டவர். அவருடைய தூண்டுதலும் எட்டயபுரம் ஜமீனின் ஆதரவும் சேர்ந்து, சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் வெளிவந்தது. 72 மேள வரிசைப்படி அமைந்த நூல் அது. அதே ஆண்டு தெற்கே பயணம் வந்த பாத்கண்டே எட்டயபுரத்தில் தீட்சிதரைச் சந்தித்தார். பின்னாளில் இந்துஸ்தானி ராகங்களைப் பத்து தாட்களில் அவர் வகைப்படுத்தியதற்கு இந்தத் தெற்கத்திய முறை முன்மாதிரியாக நின்றது.

அதற்கு முன்பே எல்லா மேளங்களையும் பாட்டாக்கியவர் ஒருவர் உண்டு. மகா வைத்தியநாத ஐயர் (1844–1893) 72 மேளங்களையும் ஒரே ராகமாலிகையாகத் தொடுத்தார். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தாரைப் புகழ்ந்து மராத்தியில் எழுந்த சாகித்யத்துக்கு முதலில் இசையமைத்து, பின்னர் திருவையாற்றுப் பிரணதார்த்திஹரர்மேல் வடமொழியில் அதை மாற்றி அமைத்தார். மாபெரும் சாதனை. ஆனாலும் ராகமாலிகையில் ஒவ்வொரு மேளமும் ஓரிரு வரிக்குத்தான் முகம் காட்டும். ஒரு ராகத்துக்குள் தங்கி, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று வீடு கட்டி வாழ்வது வேறு வேலை.

அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் கோடீஸ்வர ஐயர் (1870–1938). கவி குஞ்சர பாரதியின் மகள் வயிற்றுப் பேரன். அதனால்தான் அவருடைய முத்திரை ‘கவி குஞ்சர தாசன்’. சபாக்காரர்கள் அவரை ஹம்ஸத்வனியில் அமைந்த ‘வாரணமுக வா’ பாட்டால்தான் அறிவார்கள். அவருடைய உண்மையான உயரம் 72 மேளங்களுக்கும் தனித்தனிக் கீர்த்தனை இயற்றியதில் இருக்கிறது. எல்லாமே தமிழ். ராகத்தின் பெயரைச் சாகித்யத்துக்குள் பொருள் பிசகாமல் புகுத்தியிருப்பது அவருடைய மொழித்திறத்துக்குச் சான்று.

இதில் எவ்வளவு துணிவு இருந்தது என்பதை உணர விவாதி மேளங்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். முதல் மேளமான கனகாங்கியில் சுத்த ரிஷபமும் சுத்த காந்தாரமும் அடுத்தடுத்த ஸ்தானங்களில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து மத்தியமத்துக்கு ஒரே தாவல். மேலே பஞ்சமம் கடந்ததும் தைவதமும் நிஷாதமும் அதே நெருக்கடியில். குரல் இடறுகிற இடம் இது. காந்தாரத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் ரிஷபம் போல ஒலிக்கும். அழுத்தினால் ராகமே முறுக்கிக்கொள்ளும். இப்படி ஒரு புறமோ இரு புறமோ மோதல் உள்ளவை 72இல் 40. மோதலற்றவை 32தான். விவாதி ராகம் பாடினால் பாடகருக்குத் தீங்கு வரும் என்ற அச்சம், ‘விவாதி தோஷம்’ என்ற பெயரில், வித்வான்களிடையே நெடுநாள் நிலவியது. அந்த அச்சத்துக்குச் சாஸ்திரத்தின் நிறம் பூசப்பட்டிருந்தாலும், தியாகராஜரின் பஞ்சரத்தினங்கள் அதை ஏற்கவில்லை. ஐந்தில் நாட்டை 36ஆவது மேளமான சலநாட்டையின் வழிவந்தது. வராளி 39ஆவது மேளமான ஜாலவராளியைச் சார்ந்தது. இரண்டும் விவாதிக் குடும்பம். தை மாதத்தில் திருவையாற்றில் ஆயிரம் குரல்கள் சேர்ந்து பாடும்போது எந்தத் தோஷமும் நினைவுக்கு வருவதில்லை.

கோடீஸ்வர ஐயர் அந்த 40 மேளங்களையும் ஒதுக்காமல், வளைத்து மழுப்பாமல், முழு ஸ்வர வரிசையோடு பாட்டாக்கினார். காலத்தையும் கவனிக்கவேண்டும். தமிழிசை இயக்கம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாநாட்டோடு வலுப்பெற்றது 1941இல். சென்னையில் தமிழ் இசைச் சங்கம் 1943இல். அவர் 1938இலேயே மறைந்துவிட்டார். தமிழில் கனமான உருப்படிகள் போதாது என்ற வாதம் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் சூடாக நடந்தபோது, 72 மேளத்துக்கும் தமிழ்க் கீர்த்தனை அச்சில் இருந்தது. அந்த விவாதத்தில் இது பெற்றிருக்க வேண்டிய இடத்தைப் பெறவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அதே காலத்தில் ஐரோப்பாவும் பழைய ஸ்வரமுறை போதவில்லை என்று தேடிக்கொண்டிருந்தது. ஷோன்பெர்க் 1920களின் தொடக்கத்தில் பன்னிரண்டு ஸ்வரங்களையும் சமமாக்கும் ஒரு முறையை வகுத்தார். பார்டோக்கும் கோடாயும் ஹங்கேரியக் கிராமங்களில் நாட்டுப்பாடல்களைத் திரட்டி, தங்கள் மண்ணின் ஒலியிலிருந்தே புதுமையை எடுத்தார்கள். வேறு சிலர் கிழக்கே பார்த்தார்கள். அயர்லாந்து வயலின் கலைஞர் மாட் மக்கார்த்தி அன்னி பெசன்ட்டோடு இந்தியா வந்து, தென்னக இசையைக் கற்று, திரும்பிப்போய் லண்டனில் அதைப் பற்றி உரையாற்றினார். அவருடைய கணவர் ஜான் ஃபோல்ட்ஸ் பியானோவுக்கு எழுதிய ‘எஸ்ஸேஸ் இன் தி மோட்ஸ்’ தென்னிந்திய மேளங்களின் பாதிப்பில் உருவானது. 1935இல் இந்தியா வந்த ஃபோல்ட்ஸ் டெல்லி வானொலியில் இந்திய வாத்தியக்காரர்களைக் கொண்டு வாத்தியக்குழு அமைத்தார். 1939இல் கல்கத்தாவில் காலராவில் இறந்தார்.

இன்னும் முழுமையாக முயன்றவர் பிரெஞ்சுக்காரர் ஜாக் ஷார்பான்தியே (1933–2017). 1953–54இல் இந்தியாவில் தங்கியவர், மெசியானிடம் பயின்றவர். 1957இல் தொடங்கி 1980களின் நடுவரை உழைத்து, 72 மேளங்களுக்கும் 72 பியானோப் படைப்புகளை எழுதி முடித்தார். அவற்றை ஆறு ஆறாகப் பன்னிரண்டு தொகுதிகளாக்கினார். ஆறாறு மேளங்கள் கொண்ட, மேள அட்டவணையின் பன்னிரண்டு சக்கரங்கள் அப்படியே அதில் இருக்கின்றன.

கோடீஸ்வர ஐயரையும் ஷார்பான்தியேவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. இருவர் கையிலும் ஒரே அட்டவணை. பியானோவில் கனகாங்கியின் ரிஷபமும் காந்தாரமும் இரண்டு சாவிகள். தட்டினால் ஒலிக்கும், அதற்குமேல் அசையாது. அந்த மோதலே அங்கே படைப்பாளிக்குப் பிடித்த நிறம். பாடகர் குரலிலோ காந்தாரம் மத்தியமத்தின் பக்கம் சாய்ந்து, ரிஷபத்தைத் தொட்டு மீண்டு, அசைவிலேயே தன் இடத்தை நிலைநாட்டுகிறது. ஸ்வர அட்டவணை பாரிஸ் வரை போனது, கமகம் என்னும் இந்த அசைவு போகவில்லை. ஒரு மரபின் அடையாளத்தை அதன் இலக்கணத்தில் மட்டும் தேடுகிறவர்களுக்கு இந்த ஒப்பீடு ஒரு கேள்வியை எழுப்புகிறது. ஷார்பான்தியேவின் படைப்புகள் நேர்மையானவை, ஆழமானவை. அவை பிரெஞ்சு இசை. கோடீஸ்வர ஐயரின் பாடல்கள், எவ்வளவு புதுமையாக இருந்தாலும், தமிழ்நாட்டுக் கர்நாடக இசை.

அந்தக் கமகத்தைச் சென்னையில் காப்பாற்றித் தந்தவர் மயிலாப்பூர் நடுத்தெருவில் வாழ்ந்த எஸ். ராஜம் (1919–2010). 1934இல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் இராமனாக நடித்தவர், பாபநாசம் சிவன், அம்பி தீட்சிதர், அரியக்குடி, மதுரை மணி ஐயர் ஆகியோரிடம் கற்றவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், வானொலியில் பணியாற்றியவர். கோடீஸ்வர ஐயரின் மேளக் கீர்த்தனைகளை அவர் தம் வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்டார். விவாதி ராகங்களுக்கு அஞ்ச வேண்டாம், ஸ்தானம் சுத்தமாக இருந்தால் அவை இனிக்கும் என்பதைப் பாடியே காட்டினார், மாணவர்களுக்குச் சொல்லித்தந்தார்.

ராஜத்தின் இன்னொரு பணியையும் இங்கே சொல்லவேண்டும். மும்மூர்த்திகளுக்குப் புகைப்படம் கிடையாது. சபா மேடைகளிலும், பாட்டு வகுப்புகளிலும், வீட்டுச் சுவர்களிலும் மாலையிட்டு வணங்கப்படும் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரின் உருவத்துக்கு மூலமாக நிற்பது பெரும்பாலும் அவருடைய தூரிகை. பக்தியோடும் ஆராய்ச்சியோடும் 20ஆம் நூற்றாண்டில் வரைந்த முகங்கள் இன்று என்றுமிருந்த முகங்களாகிவிட்டன. பாரம்பரியம் என்று நகரம் கைகூப்புவதில் எவ்வளவு பங்கு அண்மைக்கால உழைப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அது பாரம்பரியத்தின் பெருமையைக் குறைப்பதும் இல்லை.

அவருடைய தம்பி வீணை எஸ். பாலசந்தர் (1927–1990) வேறு குணம். பாடலே இல்லாத ‘அந்த நாள்’ படத்தை 1954இல் இயக்கிய புதுமைக்காரர், இசையில் மரபின் காவலராக நின்றார். பாலமுரளிகிருஷ்ணா இளம் வயதிலேயே 72 மேளங்களிலும் கீர்த்தனை இயற்றி, ‘ஜனக ராக கிருதி மஞ்சரி’யை 1952இல் வெளியிட்டவர், பின்னர் சென்னைவாசியாகி மகதி, லவங்கி போன்ற ராகங்களைப் புதியவையாக அறிமுகப்படுத்தினார். நான்கே ஸ்வரம் கொண்ட மகதி ராகமாகுமா, அதைப் படைத்ததாக உரிமை கொண்டாடலாமா என்று பாலசந்தர் வெளிப்படையாகப் போர் தொடுத்தார். இருவரின் வாதத்திலும் நியாயம் இருந்தது. அட்டவணை அனுமதிக்கிற எல்லாமே ராகமாகிவிடாது என்பது பாலசந்தர் கட்சி. பாடகர் உயிர் கொடுத்தால் ஆகும் என்பது பாலமுரளி கட்சி. மகதியை இன்றும் மேடையில் பாடுகிறார்கள்.

இளைய தலைமுறைப் பாடகர்கள் விவாதி மேளங்களை ராகம் தானம் பல்லவிக்கே எடுக்கிறார்கள். தோஷம் பற்றிய பேச்சு அடங்கிவிட்டது. ராஜம் போன்றவர்கள் தனியாக நின்று பாடியதன் பலன் இது. ஆனால் அந்த ராகத்தை விரிவாக ஆலாபனை செய்தபின் எந்தக் கீர்த்தனை வருகிறது என்பதில்தான் பழைய தயக்கம் மிஞ்சியிருக்கிறது. தமிழ்ப் பாட்டு கச்சேரியின் பிற்பகுதிக்கு, துக்கடாக்களின் நடுவே, தள்ளப்படும் வழக்கம் முற்றிலும் மாறவில்லை. கோடீஸ்வர ஐயரின் மேளக் கீர்த்தனைகள் துக்கடாவுக்கானவை அல்ல. நிரவலும் கல்பனாஸ்வரமும் தாங்கக்கூடிய, நடுநாயகமாக நிற்கக்கூடிய உருப்படிகள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மார்கழி முழுக்க நடக்கும் கச்சேரிகளில், பிரதானப் பாட்டின் இடத்தில் அவற்றை வைப்பதற்கு எந்த இலக்கணமும் தடையாக இல்லை.